ஒரு செய்திக்கு ஓர் இடம்

கல்லூரியில் கணிப்பொறியியல் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடப் பட்டியலில் ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்றொரு பாடம் தவறாது காணப்படும். தமிழில் அதனை உறவுநிலைத் தரவுத்தளம் என்பர். முதற் பருவத்தில் மாணவர் அட்டவணை ஒன்றை அமைக்கவும், அதில் செய்திகளை இடவும், வேண்டியவற்றைக் கேட்டுப் பெறவும் பழகிவிடுகின்றனர். அடுத்த படியில்தான் கடினமான பகுதி தொடங்குகின்றது. எத்தனை அட்டவணைகள் வேண்டும்? எச்செய்தி எவ்வட்டவணைக்கு உரியது? ஒரே செய்தி இரண்டு இடங்களில் இருக்கலாமா? இருவர் ஒரே நொடியில் ஒரே வரியைத் திருத்த வந்தால் யாது செய்வது? இவ்வினாக்களுக்கு விடையாகப் பாடநூலில் முதல் இயல்பு வடிவம், இரண்டாம் இயல்பு வடிவம், மூன்றாம் இயல்பு வடிவம் என இலக்கணங்கள் வரிசையாக நிற்கும். மாணவர் அவற்றை நன்னூற் சூத்திரங்களைப் போல் நெட்டுருச் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். அவற்றை யார், எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க, எப்போது இயற்றினர் என்பது வகுப்பில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தொன்றுதொட்டு வந்தவை போல் தோன்றும் இவ்விலக்கணங்கள் யாவும் 1970ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்தவையே.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனி அக்கறை உண்டு. ரயில் முன்பதிவு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு என நம் பெயர் ஏறியிருக்கும் ஏடுகள் பல. அவ்வேடுகளை வகுத்தவர் நம்மை எவ்வாறு எண்ணி வகுத்தார் என்பதைப் பொறுத்து நம் காரியம் நடப்பதும் உண்டு, நின்றுபோவதும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

1960களில் பெரிய நிறுவனங்கள் தம் கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கின. அமெரிக்கர் சந்திரனுக்கு மனிதரை அனுப்ப முனைந்த அப்பல்லோத் திட்டத்தில், ஏவூர்திக்கும் விண்கலத்துக்கும் வேண்டிய உறுப்புகள் எண்ணி மாளாதவை. அப்பட்டியலைக் காப்பதற்கென ஐ.பி.எம். நிறுவனம் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களின் பொறியாளருடன் கூடி ஐ.எம்.எஸ். என்னும் முறையை அமைத்தது. அது 1968இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் அமைப்பு தலைகீழாக நிறுத்திய மரம் போன்றது. உச்சியில் முழு விண்கலம், அதன் கீழ்ப் பெரிய பகுதிகள், அவற்றின் கீழ்ச் சிறிய பகுதிகள், கடைசியில் திருகாணி. மேலிருந்து கீழே இறங்கிக் கேட்கும் கேள்விக்கு அம்மரம் விரைவில் விடை கூறும். ‘இந்தத் திருகாணி எந்தெந்தப் பகுதிகளில் உள்ளது?’ என்று கீழிருந்து மேலே கேட்டாலோ, கிளை கிளையாக ஏறி இறங்கித் தேட நேரும். அன்றேல் அதற்கென வேறொரு வழியை முன்னரே வெட்டி வைத்திருத்தல் வேண்டும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன் மரத்துக்கு மாறாக வலையமைப்பை வகுத்தார். அதில் ஒரு பதிவிலிருந்து பல பதிவுகளுக்குச் சுட்டிகள் செல்லும். 1973இல் கணிப்பொறித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவர் ஆற்றிய உரையில், நிரல் எழுதுவோரை மீகாமனாக உருவகித்தார். தரவுக் கடலில் சுட்டிகளைப் பற்றிக்கொண்டு மரக்கலத்தைச் செலுத்துபவரே நிரலர் என்பது கருத்து. உருவகம் அழகியதுதான். ஆயின் கடல்வழி மாறிவிட்டால் மீகாமன் என்ன செய்வான்? பதிவுகளின் அடுக்கு முறையைச் சற்றே மாற்றினாலும், பழைய வழியை நம்பி எழுதிய நிரல்கள் பல திருத்தப்பட வேண்டியவை ஆயின.

ஊரிலிருந்து நம்மைத் தேடி வரும் உறவினருக்கு நாம் வழி சொல்வதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். “ஸ்டேஷனை விட்டு இறங்கி, வலப்பக்கம் திரும்பி, தேநீர்க் கடையை அடுத்த சந்தில் மூன்றாம் வீடு” என்கிறோம். தேநீர்க் கடையை இடித்துவிட்டால் உறவினர் திகைத்து நிற்பார். கட்டட எண்ணையும் தெருவின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வந்து சேர்வார். வழியைச் சொல்வது வேறு, முகவரியைச் சொல்வது வேறு.

இவ்வேறுபாட்டைக் கணிதமாக்கியவர் எட்கர் காட். 1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்டில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாகப் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். செனட்டர் மக்கார்த்தியின் வேட்டை நடந்த காலத்தில் மனம் கசந்து கனடாவுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கித் திரும்பியதும் உண்டு. நாற்பது வயதைக் கடந்த பின், 1965இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது, 1969இல் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கையாகவும், 1970 ஜூன் மாதத்தில் விரித்து வெளியுலகுக்கு ஒரு கட்டுரையாகவும் தம் கருத்தை வெளியிட்டார். அக்கட்டுரை பதினொரு பக்கங்களே கொண்டது.

காட் கூறியதன் சாரம் இது. செய்திகளையெல்லாம் அட்டவணைகளாக மட்டும் காட்டுவோம். வரிகளின் வரிசைக்குப் பொருள் இல்லை. முதல் வரி, கடைசி வரி என்ற பேதம் இல்லை. ஓர் அட்டவணைக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுட்டிகள் வேண்டா; இரண்டிலும் ஒத்த மதிப்பு இருப்பதே தொடர்பு. மனிதர் எது வேண்டும் என்பதைக் கூறட்டும். எவ்வழியே சென்று எடுப்பது என்பதைக் கணிப்பொறியே தீர்மானிக்கட்டும். இதற்கு அடிப்படையாக அவர் கொண்டது கணிதத்தில் கணக்கோட்பாட்டைச் சேர்ந்த ‘ரிலேஷன்’ என்னும் கருத்து.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிச் செல்ல வேண்டும். நம் மொழியில் இதனை ‘உறவு’ என்று பெயர்த்ததால், அட்டவணைகள் ஒன்றுக்கொன்று கொண்ட உறவையே இப்பெயர் குறிக்கிறது எனப் பலரும் கொள்கின்றனர். அவ்வாறன்று. காட்டின் சொல்வழக்கில் ஒவ்வோர் அட்டவணையும் தானே ஓர் உறவு. அதன் ஒரு வரியில் சேர்ந்து நிற்கும் மதிப்புகளின் பிணைப்பைக் குறிப்பது அச்சொல். ஆங்கிலம் வழியே பயிலும் மாணவரும் இதே மயக்கத்துக்கு ஆளாகின்றனர் என்பது ஒருவகை ஆறுதல்.

ஐ.பி.எம். நிறுவனம் இக்கருத்தை உடனே தழுவிக்கொள்ளவில்லை. ஐ.எம்.எஸ். நன்கு விற்றுக்கொண்டிருந்தது, விற்கும் பொருளைக் கெடுக்கும் ஆராய்ச்சியை எந்த வணிகர்தாம் விரும்புவர்? அறிஞரிடையேயும் ஐயம் இருந்தது. 1974இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கூட்டத்தில் பாக்மன் அணியினரும் காட் அணியினரும் நேருக்கு நேர் வாதிட்டனர். வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணிப்பொறியிடம் விட்டால் வேகம் கெடும் என்பது எதிரணியின் வாதம். அந்நாளைய பொறிகளின் ஆற்றலை எண்ணினால் அது அறிவுக்கு ஒவ்வாத வாதமன்று. விடை வாதத்தால் கிட்டவில்லை. இரண்டு இடங்களில் கட்டிக் காட்டிய பின்னரே கிட்டிற்று.

ஒன்று சான் ஹோசேயில் ஐ.பி.எம். கட்டிய ‘சிஸ்டம் ஆர்’. அதற்கென டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974இல் ஒரு வினவல் மொழியை வகுத்தனர். சீக்வெல் எனப் பெயரிட்டு, அப்பெயர் வேறொருவரின் வணிகக் குறியாயிருந்ததால் எஸ்.க்யூ.எல். எனச் சுருக்கினர். பாய்ஸ் அதே ஆண்டில் இளமையிலேயே காலமானார். வழியைக் கணிப்பொறியே செலவு கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க இயலும் என்பதைப் பட்ரீஷியா செலிங்கரும் அவர்தம் துணைவரும் 1979இல் எழுதிய கட்டுரை நிறுவிற்று.

மற்றொன்று பெர்க்லியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எழுந்த ‘இங்கிரஸ்’. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜீன் வாங் என்னும் ஆசிரியர் இருவர் காட்டின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, 1973ஆம் ஆண்டளவில் மாணவரைக் கூட்டிப் பணியைத் தொடங்கினர். அவர்களிடம் இருந்தது பி.டி.பி. 11 என்னும் சிறு கணிப்பொறி. பயின்று முடித்த மாணவர் வெளியேறுவர்; புதியோர் வந்து, முன்னவர் எழுதியதைப் படித்துணர்ந்து, மேலே கட்டுவர். இதன் பிரதிகள் நாடாக்களில் பிற பல்கலைக்கழகங்களுக்கும் சென்றன. நம் பிள்ளைகள் இன்று ஆய்வகத்தில் கையாளும் போஸ்ட்கிரெஸ் இதன் வழித்தோன்றலே. கல்லூரிகளில் கற்பிக்கப்படும் இப்பாடத்தின் ஒரு பாதி கல்லூரி மாணவர் கையாலேயே உருவானது என்பதை நம் ஆசிரியர்கள் முதல் நாளிலேயே சொல்லலாம். பயில்வோருக்கு அச்சம் குறையும்.

வணிக வரலாறு சுருக்கமானது. ஆரக்கிள் 1979இல் சந்தைக்கு வந்தது, ஐ.பி.எம். தன் கருத்துக்குத் தானே 1981இல்தான் கடை விரித்தது. எஸ்.க்யூ.எல். 1986இல் அமெரிக்கத் தர மொழியாயிற்று. காட் 1981இல் டூரிங் விருது பெற்று, 2003இல் மறைந்தார்.

நிற்க. அட்டவணைகளாக வைப்போம் என்றால் போதுமா? எப்படிப்பட்ட அட்டவணைகள் என்ற வினா எஞ்சுகிறது. இதுவே இரண்டாம் படியில் மாணவர் எதிர்கொள்ளும் பகுதி. நம்மவர் அனைவரும் அறிந்த ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். ரயில்வேயின் உண்மையான அமைப்பு வேறு. இது வகுப்பறைப் பயிற்சி என்க.

ஒரே பெரிய ஏடு போடுகிறோம். ஒவ்வொரு வரியிலும் பி.என்.ஆர். எண், பயண நாள், வண்டி எண், வண்டியின் பெயர், பின்னர் பயணிகள் ஆறு பேருக்கு ஆறு பத்திகள். தனியாகச் செல்பவரின் வரியில் ஐந்து பத்திகள் காலியாகக் கிடக்கும். ‘முருகன் என்னும் பயணி இருக்கிறாரா?’ என்று கேட்டால் ஆறு பத்திகளிலும் தேட வேண்டும். ஆகவே ஒரு பயணிக்கு ஒரு வரி என மாற்றுகிறோம். இது முதல் இயல்பு வடிவம். இப்போது ஒரு வரியை அடையாளம் காட்டப் பி.என்.ஆர். எண்ணும் பயணியின் வரிசை எண்ணும் சேர்ந்து வேண்டும். இச்சேர்க்கையே திறவுகோல்.

ஆயின் பயண நாளும் வண்டி எண்ணும் பயணியின் வரிசை எண்ணைப் பொறுத்தவை அல்ல, பி.என்.ஆர். தெரிந்தாலே அவை தெரிந்துவிடும். நால்வர் செல்லும் குடும்பத்துக்கு அவற்றை நான்கு முறை எழுதுகிறோம். திறவுகோலின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்தவற்றைப் பிரித்துச் சீட்டு அட்டவணை என வேறாக வைத்தால் இரண்டாம் இயல்பு வடிவம். இன்னும் ஒரு குறை உண்டு. 12622 என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்பது சீட்டைப் பற்றிய செய்தியன்று, வண்டியைப் பற்றிய செய்தி. அதனைச் சீட்டுதோறும் எழுதினால், பெயர் மாறும்போது ஆயிரம் வரிகளைத் திருத்த வேண்டும்; ஒன்று விடுபட்டால் ஏடு பொய் சொல்லும். புதிய வண்டிக்கு முதல் சீட்டு விற்கும்வரை அதன் பெயரை எழுத இடமில்லை. ஒரு வண்டியின் சீட்டுகள் எல்லாம் நீக்கப்பட்டால் அப்படி ஒரு வண்டி உண்டு என்னும் செய்தியே அழியும். வண்டிகளுக்கென ஓர் அட்டவணை பிரிந்தால் மூன்றாம் இயல்பு வடிவம். இரண்டாவதையும் மூன்றாவதையும் காட் 1971இல் வகுத்தார். பாய்ஸும் அவரும் பெயர் கொடுத்த கடுமையான வடிவம் 1974இல் வந்தது. நான்காவதை ரொனால்ட் ஃபேகின் 1977இல் தந்தார்.

பெயர் மாறுமா என்று ஐயுறுவோர் சென்னை சென்ட்ரலை நினைக்கட்டும். 1996இல் மதராஸ் சென்னையாயிற்று. 2019இல் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. அதன் குறியீடு மட்டும் எம்.ஏ.எஸ். என்றே நிற்கிறது. குறியீட்டைத் திறவுகோலாகக் கொண்டு, பெயரை ஓரிடத்தில் மட்டும் எழுதியிருந்தால், ஒரு வரியைத் திருத்தினால் போதும். மும்பையிலோ சி.எஸ்.டி.எம். என்றிருந்த குறியீடே சி.எஸ்.எம்.டி. ஆயிற்று. வண்டி எண்களும் 2010 டிசம்பரில் நான்கிலக்கத்திலிருந்து ஐந்திலக்கத்துக்கு மாறின. ஆதலால் உலக வழக்கில் பொருளுள்ள குறியைத் திறவுகோலாக்குவதா, பொருளற்ற ஓர் எண்ணைத் தானே கொடுத்துக்கொள்வதா என்று வடிவமைப்போர் இன்றும் வாதிடுகின்றனர்.

பிரிப்பதிலும் அளவு உண்டு. சீட்டின் கட்டணத்தைக் கட்டணப் பட்டியலிலிருந்தே கணக்கிடலாமே, இரண்டாம் முறை எழுதுவது ஏன் என்று கெட்டிக்கார மாணவர் அதனை நீக்கிவிடுவார். அடுத்த மாதம் கட்டணம் உயர்ந்தால், சென்ற மாதம் வாங்கிய சீட்டின் விலையும் ஏட்டில் உயர்ந்து நிற்கும். பட்டியலில் உள்ள கட்டணம் ஒரு செய்தி. அன்று நாம் செலுத்திய தொகை வேறொரு செய்தி. பார்வைக்கு ஒன்றாய் இருப்பதால் ஒன்றென மயங்கலாகாது.

இருவர் ஒரே நொடியில் வரும் வினாவும் உண்டு. தாதரில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் எஞ்சியுள்ள ஒரே படுக்கையைக் கேட்கின்றனர். இருவருக்கும் ‘காலி’ என்று காட்டி, இருவருக்கும் விற்றுவிடலாகாது. பணம் கழிந்து சீட்டு எழுதப்படுமுன் மின்சாரம் நின்றால், பாதி வேலை நின்றதாகவும் இருக்கலாகாது. முழுதும் நடத்தல் அல்லது அறவே நடவாதிருத்தல் என்னும் இக்கோட்பாட்டை வளர்த்தவருள் முதன்மையானவர் ஜிம் கிரே; 1998இல் டூரிங் விருது பெற்றவர். விழுந்த பொறி எழுந்தவுடன் ஏட்டைச் சீர் செய்யும் முறைகளில் இன்று பெரிதும் பின்பற்றப்படுவது ஏரீஸ் என்பது. அதனை 1992இல் வெளியிட்ட ஐ.பி.எம். குழுவின் தலையாய ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பயின்று 1977இல் பட்டம் பெற்றவர். ஏட்டைத் திருத்துமுன் திருத்தப் போவதை நாட்பதிவில் எழுதிவிட வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நிலை. முதலில் சிட்டையில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றும் நம் வணிகர் பழக்கத்தை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

இத்தனையும் பாடநூல்களில் உள்ளன. நம் கல்லூரிகளில் வழங்கும் கார்த், சில்பர்ஷாட்ஸ் நூலின் முதற்பதிப்பு 1986இல் வந்தது, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான சுதர்சன் பிற்பதிப்புகளில் மூன்றாம் ஆசிரியராகச் சேர்ந்தார். நூலில் குறை இல்லை. வினாத்தாளில்தான் குறை காண்கிறோம். ‘எது எதைச் சார்ந்தது’ என்னும் பட்டியலை வினாவிலேயே தந்துவிட்டு, மூன்றாம் இயல்பு வடிவத்துக்கு மாற்றுக என்கின்றனர். அப்பட்டியல் தெரிந்தபின் மாற்றுவது கணக்கு, கணிப்பொறியே செய்துவிடும். எது எதைச் சார்ந்தது என்பதை அறிவதே வடிவமைப்போரின் வேலை. அது கணிதத்தில் இல்லை. மக்கள் வாழ்க்கையில் இருக்கிறது. பீட்டர் சென் 1976இல் பொருள்களையும் அவற்றின் தொடர்புகளையும் கட்டங்களாக வரைந்து காட்டும் முறையைத் தந்ததும் இதற்காகவே. அட்டவணை போடுமுன் உலகைப் பார்த்து வரைக என்பது அதன் கருத்து.

பார்க்காமல் வரைந்ததன் விளைவை நாம் அன்றாடம் காண்கிறோம். மும்பையிலோ தில்லியிலோ ஒரு படிவத்தை எடுத்தால் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள் இருக்கும். மராத்தியர் ஆட்நாவ் என்னும் குடும்பப் பெயரை எளிதில் எழுதுவர். நம்மில் பெரும்பாலோருக்கு அது இல்லை. சுப்பிரமணியனின் மகன் சு. முருகன், அவர் மகன் மு. குமரன். கட்டம் காலியாக இருக்கலாகாது என்று படிவம் மறுப்பதால், ஓர் அலுவலகத்தில் முருகன் சுப்பிரமணியன் ஆகிறார். மற்றோர் அலுவலகத்தில் சுப்பிரமணியன் முருகன் ஆகிறார். வங்கியில் முருகன் எஸ். என்றே நிற்கிறார். மூன்று ஏடுகளையும் பெயரால் ஒப்பிடும் நாளில் ஒருவரே மூவர் ஆவார். ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயர் என்னும் சார்பை நம் வழக்கம் அறியாது. தந்தைக்கும் மகனுக்கும் பொதுவான எழுத்துக்கூட இராது. வடிவமைத்தவர் தமக்குத் தெரிந்த ஊரின் சார்பை எல்லா ஊருக்கும் உரிய சார்பாகக் கொண்டார்.

இதற்கு வழி கோட்பாட்டிலேயே உண்டு. அறியப்படாததும் பொருந்தாததும் ஆகிய மதிப்புகளுக்கு ஏட்டில் முறையான வெற்றிடம் வேண்டும் எனக் காட் வற்புறுத்தினார். 1985இல் அவர் வெளியிட்ட விதிகளுள் அதுவும் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். கல்லூரிப் பயிற்சியில் இதனை வகுக்கும் மாணவர், ஒருவர் தம் பெயரை எவ்வாறு சொல்கிறாரோ அவ்வாறே முழுமையாக ஒரு பத்தியில் வைப்பார். குடும்பப் பெயருக்கு வெற்றிடம் அனுமதிப்பார். முன்னெழுத்தைத் தனியே எழுதி வைக்கமாட்டார். தந்தையின் முழுப் பெயர் ஓரிடத்தில் இருந்தால், தமிழ் ஏட்டுக்கு ‘சு.’ என்பதும் ஆங்கில ஏட்டுக்கு ‘எஸ்.’ என்பதும் அதிலிருந்தே கிடைக்கும். தாயின் பெயரெழுத்தைச் சேர்த்துக்கொள்வோரும் இன்று நம்மிடையே உளர். ஆகவே அப்பத்திக்குத் ‘தந்தை பெயர்’ என்று தலைப்பிடலாமா என்பதையும் அவர் கேட்டறிந்தே எழுத வேண்டியிருக்கும்.